ஆடிப்பட்டம் பெர்த்தில் செல்லாது

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பெர்த்துக்கு 2020 பிப்ரவரியில் வந்தோம். அடுத்த மாதமே நாட்டின் எல்லையை மூடிவிட்டார்கள், அம்மா வந்து இரண்டு மாதம் இருப்பதாகப் போட்ட திட்டம் அதோடு போயிற்று. முதல் வருடம் மாடி வீடு, பால்கனியில் ஒரு துளசித் தொட்டி, அவ்வளவுதான். 2021 ஜூனில் பின்பக்கம் கொஞ்சம் மண் உள்ள வாடகை வீட்டுக்கு மாறினோம். வீடியோவில் அந்த இடத்தைக் காட்டியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஆடி வரப்போவுதே, அவரை போடலையாடி?"

கும்பகோணம் பக்கத்தில் வளர்ந்தவள் நான். 'ஆடிப்பட்டம் தேடி விதை' எங்கள் வீட்டில் பழமொழியெல்லாம் இல்லை, செய்ய வேண்டிய வேலை. அதனால் யோசிக்கவே இல்லை. ஜூலை மூன்றாம் வாரம் அவரை, வெண்டை, புடலை மூன்றையும் ஊன்றிவிட்டேன். ஆடி இங்கே நடுக் குளிர்காலம். இரவில் ஏழு, எட்டு டிகிரி. அந்த ஜூலையில் மழையும் விட்டபாடில்லை. இரண்டு வாரம் கழித்து விரலால் தோண்டிப் பார்த்தால் அவரை விதை உப்பி, தோல் வழுக்கி, ஊறவைத்து மறந்துபோன சுண்டல் மாதிரி ஒரு நாற்றம். அம்மாவிடம் "முளைக்க நாளாகும் போல" என்று சமாளித்தேன்.

முளைத்தது எது தெரியுமா? சமையலறையில் இருந்த தனியாவைச் செருப்பால் தேய்த்து ஒரு மூலையில் சும்மா தூவி வைத்திருந்தேன். அது புதராகிவிட்டது. ஊரில் கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் வெயிலில் பூத்துவிடும். இங்கே ஆகஸ்ட் முழுக்கக் கிள்ளிக்கிள்ளிச் சட்னி அரைத்தோம், என் கணவருக்குச் சலித்தே போய்விட்டது.

இந்த ஊரின் தட்பவெப்பத்தை மத்தியதரைக்கடல் வகை என்பார்கள். எனக்குப் புரிந்த மொழியில் சொன்னால், இங்கே சூடும் தண்ணீரும் ஒருநாளும் சேர்ந்து வராது. ஊரில் மண் சூடாக இருக்கும்போதே மழை வந்துவிடும், வெண்டை முளைக்க அது போதும். இங்கே ஆண்டுக்கு 730 மில்லிமீட்டர் போலத்தான் பெய்யும், அதில் பெரும்பங்கு மே முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். கோடையில் உயர் அழுத்த மண்டலம் தெற்கே இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டு மழையை அண்டவிடாது. குளிர்காலத்தில் அது வடக்கே விலகியதும் தெற்குக் கடலிலிருந்து மழை கொண்டுவரும் குளிர்காற்று முகப்பு, 'கோல்ட் ஃப்ரண்ட்' என்பார்கள், ஒவ்வொன்றாக வரும். வெயில் காலத்துப் பயிருக்கு நாம்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும், மழைக் காலத்தில் குளிர் தாங்கும் பயிர்தான் வரும், வேறு வழியே இல்லை.

பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலியத் தாத்தா இருக்கிறார், அறுபதுகளில் சிசிலியிலிருந்து வந்தவர். வேலியோரம் அத்தி, ஆலிவ், எலுமிச்சை, திராட்சைப் பந்தல் என்று அவர் வீட்டுக் கொல்லை பார்க்கவே பொறாமையாக இருக்கும். முதலில் அவருக்குக் கைராசி என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அவர் விட்டு வந்த ஊரிலும் இதே வானிலைதான், கோடையில் வறட்சி, குளிரில் மழை. அவர் மாற்ற வேண்டியிருந்தது மாதங்களின் பெயரை மட்டும், ஏப்ரலில் செய்ததை அக்டோபரில் செய்தால் போதும். நமக்கு அப்படித் திருப்பிப் போட்டாலும் பொருந்தாது. என் வெண்டை கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அக்டோபர், அக்டோபர்" என்று இரண்டு முறை சொன்னார்.

சரி, அக்டோபரில் போட்டேன். முளைத்தது. அடுத்த பாடம் மண்.

இதை மண் என்று சொல்வதற்கு மனம் வரவில்லை. கடற்கரையை ஒட்டிய இந்தச் சமவெளி பெரும்பாலும் வெறும் மணல். அதுவும் காய்ந்துவிட்டால் தண்ணீரையே ஏற்காது. பூவாளியால் ஊற்றினேன், தண்ணீர் சேப்பங்கிழங்கு இலைமேல் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டு, பாத்தியின் ஓரத்துக்கு ஓடிப்போய்த் தேங்கி நின்றது. ஒரு நிமிடம் கழித்து விரலால் கீறிப் பார்த்தால் மேலே அரை அங்குலம் ஈரம், அதற்குக் கீழே மாவு மாதிரி உலர்ந்த மணல், விரலில் ஒட்டக்கூட இல்லை. மக்கிய இலைதழைகளிலிருந்து வரும் மெழுகு மணல் பருக்கைகளின் மேல் படிந்துவிடுவதால் இப்படி ஆகிறதாம். வண்டல் மண்ணில் கால் புதையப் புதைய நடந்து வளர்ந்தவளுக்கு இது என்ன சோதனையோ. மணலை நனைய வைக்கும் வெட்டிங் ஏஜென்ட், பென்டோனைட் களிமண் தூள், மூட்டை மூட்டையாக ஆட்டு எரு, மேலே நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு. இத்தனையும் போட்ட பிறகுதான் தண்ணீர் உள்ளே போனது. அந்தச் செலவுக்கு இரண்டு வருடத்துக்குக் கத்தரிக்காய் வாங்கியிருக்கலாம் என்று கணவர் கணக்குப் போட்டுக் காட்டினார், நான் காது கொடுக்கவில்லை.

தண்ணீருக்கும் சட்டம் உண்டு. தரைக்கடியில் குழாய் பதித்துத் தானாகத் தெளிக்கும் ஏற்பாட்டை இங்கே 'ரெட்டிக்' என்பார்கள். அதை வாரத்தில் இரண்டே நாள்தான் போடலாம், எந்த நாள் என்பது வீட்டு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்தது. காலை 9 மணிக்கு முன், இல்லாவிட்டால் மாலை 6-க்குப் பின். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அறவே கூடாது, மீறினால் 100 டாலர் அபராதம். கையில் ஹோஸ் பிடித்து ஊற்றத் தடையில்லை. 2006-லிருந்தே கடல்நீரைக் குடிநீராக்கிக் குடிக்கும் ஊர், மழையும் எழுபதுகளிலிருந்து குறைந்துகொண்டே வருகிறது, அதனால் இந்தக் கெடுபிடியைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

அப்புறம் வந்தது அந்தக் கோடை. 2021 கிறிஸ்துமஸ் அன்று 42 டிகிரியைத் தாண்டியது. ஜனவரியில் தொடர்ந்து ஆறு நாள் 40-க்கு மேல். அந்தக் கோடையில் மட்டும் 40-ஐத் தொட்ட நாட்கள் 13. காலையில் கிழக்கே பாலைவனப் பக்கமிருந்து ஒரு காற்று வரும், செங்கல் சூளைக் கதவைத் திறந்த மாதிரி. மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து கடற்காற்று வந்தால்தான் உயிர் வரும், அதற்குச் செல்லப் பெயரே ஃப்ரீமாண்டில் டாக்டர். அந்த ஆறு நாளும் டாக்டர் ஒழுங்காக வேலைக்கு வரவில்லை. புடலைக் கொடி மூன்றாம் நாள் அப்பளமாகிவிட்டது. பச்சை நிழல் வலை கட்டியிருந்த வெண்டை மட்டும் தப்பியது. காயும் வைத்தது.

கறிவேப்பிலைக்கு வேறு கதை. கடையில் நாலு ஆர்க்கு வாங்கினாலே மனசு வலிக்கும், அதனால் முதல் வேலையாக ஒரு கன்று வாங்கி நட்டிருந்தேன். அடுத்த ஜூன் வந்ததும் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன், உரம் வைத்தேன், புளித்த மோர்கூட ஊற்றினேன். நான் எதுவுமே செய்யாமல் இருந்திருக்க வேண்டும். குளிரில் வேர் உறங்கும்போது ஈரம் கூடினால் அழுகத்தான் செய்யும். எப்படியோ பிழைத்து அக்டோபரில் கொழுந்து விட்டது. இப்போதெல்லாம் ஜூன் வந்தால் அந்தப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கர் மக்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தபோது, நம்ம கார், கூதிர் போல இவர்களுக்கும் ஆறா என்று சந்தோஷமாக இருந்தது. பிப்ரவரி, மார்ச் பூனுரு, மழை இல்லாத கொடும் வெயில். ஜூன், ஜூலை மகுரு, குளிரும் மழையும். ஆகஸ்டும் செப்டம்பரும் ஜில்பா. நர்சரிகளில் ஒட்டியிருக்கும் நான்கு பருவ அட்டவணையைவிட என் கொல்லைக்கு இதுதான் சரியாகப் பொருந்துகிறது.

போன ஏப்ரல் கடைசியில் தாத்தா ஒரு கை நிறைய விதை கொடுத்தார், பெரிய தட்டை விதை, பிராட் பீன்ஸ். குளிரில் வளரும் என்றார். ஆடி முதல் வெள்ளியன்று இடுப்பு உயரத்துக்கு நின்ற செடியைக் கருப்பு வெள்ளைப் பூவோடு அம்மாவுக்குக் காட்டி, "பாரும்மா, ஆடியில அவரை" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தவர், "இது அவரை இல்லடி, மொச்சை மாதிரி இருக்கு" என்று முடித்துவிட்டார். காய் வந்ததும் கூட்டு வைத்தேன். காயை உரித்த பிறகு ஒவ்வொரு பருப்புக்கும் இன்னொரு தோல் உரிக்க வேண்டும் என்று தாத்தா சொல்லவே இல்லை.