கொடி கட்டிய தம்பி

போன வாரம் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் சிங்கப்பூர் தேசிய தினக் கொடிகளைக் கட்டினார்கள். ஒன்பதாவது மாடிக்கு வந்த தம்பிக்குப் புதுக்கோட்டைப் பக்கம். நான் கொடுத்த மைலோவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “அக்கா, சிவப்புதானே மேல வரணும்?” என்று கேட்டுக் கேட்டுக் கட்டினார். கொஞ்சம் சாய்ந்திருந்த ஒன்றைக் கழற்றி மறுபடியும் கட்டினார்.

அன்று சாயங்காலம் கீழ்த்தளத்தில் இரண்டு வெளிநாட்டு ஊழியர்கள் உட்கார்ந்து வீட்டோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மின்தூக்கிக்குக் காத்திருந்த ஆன்ட்டி ஒருவர் அவர்களைக் காட்டி, “இது நம்ம ஊரா, அவங்க ஊரா?” என்றார். அவரும் தமிழர்தான். தேசிய கீதம் ‘மாஜுலா சிங்கப்பூரா’ ஒலித்தால் கண் கலங்குகிறவர். அந்தக் கண்ணீரை நான் பொய் என்று சொல்லமாட்டேன். எனக்கும் கலங்கும்.

நாட்டுப்பற்றே ஆபத்து என்று சிலர் சொல்லும்போது அப்பாவைத்தான் நினைத்துக்கொள்வேன். 1964 ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் தொடங்கியபோது அவர் கேலாங்கில் பள்ளிப் பையன். அந்த மாதம் மட்டும் 23 பேர் இறந்தார்கள். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி சீனப் பிள்ளைகள் இருவரைத் தன் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருந்தாராம். ஊரடங்கு நேரத்தில் அந்தப் பிள்ளைகள் இருமாமல் இருக்க வேண்டுமே என்று தானும் தன் அம்மாவுமாக வேண்டிக்கொண்டதை அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். “எல்லாருக்கும் பொதுவா ஒரு பேர் வேண்டியிருந்துச்சு, அது சிங்கப்பூரர்” என்பார். என் மகன் கட்டாயத் தேசிய சேவைப் பயிற்சியில் மலாய்க் கட்டளைக்கு அணிவகுத்து நின்றபோது, அவனுக்கு இரு பக்கமும் நின்ற சீனப் பையன்களைப் பார்த்தேன். அப்பா சொன்னது அப்போது முழுசாகப் புரிந்தது.

ஆகவே இந்தப் பற்று எனக்கு வேண்டும். ஆனால் அடிதடியை நிறுத்தப் பிறந்த பேரை வைத்தே இன்னொருவரை எழுந்து போகச் சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் தேசியப் பற்றுறுதியை 1966இல் எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர், சிரம்பானில் வளர்ந்தவர். என் தாத்தாவும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்தான். வந்த புதிதில் அவரும் எங்காவது ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஊரை நினைத்திருப்பார்.

இந்த வீடுகளைக் கட்டிய கைகளும் எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டிய கைகளும் யாருடையவை என்று நமக்குத் தெரியும். 2020இல் தொற்று பரவியபோது மாதக்கணக்கில் ஊழியர் விடுதிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தவர்கள் யார் என்றும் தெரியும். அவர்கள் குடிமக்கள் இல்லை, சரி. அரை மணி நேரம் உட்கார ஓர் இடம் கேட்கக் குடியுரிமையா வேண்டும்?

ஆன்ட்டியிடம் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. மின்தூக்கி வந்தது, ஏறிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. இந்த வாரம் அவரைப் பார்த்தால் வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு டீ கொடுத்து, அந்தத் தம்பி இரண்டு தடவை கட்டிய கொடியைக் காட்டப்போகிறேன்.