பழைய ஆங்கிலப் பண்ணைவீடு: புகையும் சுண்ணாம்பும்

பழைய ஆங்கிலப் பண்ணைவீட்டின் வயதை முகப்பை வைத்துச் சொன்னால் ஏமாந்துபோவோம். டார்ச்சோடு பரணில் ஏற வேண்டும். கைமரங்கள் வரிசையாகக் கன்னங்கரேலென்று இருந்தால், புகைபோக்கி இல்லாத காலத்து வீடு அது. கூடத்துத் தரையில் விறகு எரிந்து, புகை கூரை வழியே கசிந்திருக்கிறது. ஒரே ஒரு மரம் மட்டும் கறுத்திருந்தால் நம்பாதீர்கள். வேறு வீட்டு மரமாக இருக்கலாம். கூடத்தின் மேல் மாடித்தளமும் செங்கல் புகைபோக்கியும் பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டில் நுழைத்தவை.

பேலீஃப் என்ற பழைய பண்ணைவீட்டில் இதைப் பரணேறாமலே பார்க்கலாம். கென்ட்டின் சிடிங்ஸ்டோன் பகுதியில் இருந்தது. பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக 1968-69இல் பிரித்து, மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள். பின்னாள் மாற்றங்களை நீக்கியதால் கூடம் கூரைவரை திறந்தே கிடக்கிறது. ஜன்னலில் கண்ணாடி கிடையாது, மரக்கம்பிதான். மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துப் போட்ட கணக்குப்படி கூடம் 1405-30, வீட்டுக்காரரின் அறைகள் இருந்த மேல்கோடி 1505-10.

பிரித்து மாட்ட முடிந்தது ஓக் சட்டத்தின் சேர்மானத்தால். ஒரு மரத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு மற்ற மரத்தின் குழியில் நுழையும். நாக்கிலுள்ள ஆணித்துளையை, குழியின் துளைக்கு நேராக இல்லாமல், நாக்கின் அடிப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போடுவது அந்தக் காலத் தச்சர் வழக்கம். மர ஆணியை அடிக்க அடிக்க மூட்டு இழுபட்டு இறுகும். பச்சை மரம் காய்ந்து சுருங்கினாலும் விடாது.

சுவர் நம்மூர் வரிச்சுச் சுவர்தான். ஓக் குச்சியை மேல்சட்டத் துளையில் செருகி, கீழ்சட்டக் காடியில் தட்டி நிறுத்தி, ஹேசல் என்ற சிறு மரத்தின் மிலாறு பின்னுவார்கள். களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் மிதித்த கலவையை இரண்டு ஆள் எதிரெதிரே நின்று ஒரே சமயத்தில் அப்ப வேண்டும். ஒருபுறம் மட்டும் அப்பினால் மறுபுறம் பிதுங்கி விழும்.

இதன்மேல் சிமெண்ட் பூசியவர்களை என்ன சொல்வது! ஓக் சட்டம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசையும், சிமெண்ட் அசையாது. ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும், மழைநீர் இறங்கும், வெளியேற வழியில்லை. முதலில் உளுப்பது அடிச்சட்டம். ஸ்க்ரூடிரைவர் முனை வெண்ணெயில் போல இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி ஓக்கையே ஒட்டுப்போட வேண்டும். ஈர ஓக்குக்கு வண்டும் வரும்.

பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடென்றால் முதலில் அனுமதி. இல்லாமல் கைவைப்பது அங்கே கிரிமினல் குற்றம். பிறகு சிமெண்டைக் கையுளியால் மெதுவாகப் பெயர்த்து, சுவரை உலரவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கரடு மணலும் விலங்கு மயிரும் சேர்த்து மெல்லிய அடுக்குகளாகப் பூசுங்கள். குளிர்காலம் நெருங்கும்போது தொடங்க வேண்டாம். இறுகுமுன் உறைபனி பிடித்தால் பூச்சு பொடிப்பொடியாக உதிரும்.