துருவத்தில் ஒரு பச்சைப் புள்ளி

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக மூன்று வாரம் மிதந்துகொண்டிருந்தேன். ஈ.கோலை பாக்டீரியாவின் புரதம் ஒன்றில் பச்சை ஒளிர் புரதத்தை வாலாகப் பொருத்தி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லின் நுனியில் பளிச்சென்று ஒரு புள்ளி. 'இருப்பிடம்: துருவம்' என்று குறிப்பேட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

எங்கள் மூத்த ஆய்வாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "அது அங்கே போய்ச் சேர்ந்ததா, ஒதுக்கித் தள்ளப்பட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

செல்லின் நடுப்பகுதியை டி.என்.ஏ. திரள் அடைத்துக்கொண்டிருக்கிறது. சரியாக மடியாத புரதங்கள் கட்டிதட்டினால் அந்தக் கட்டிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் நுனிதான். புரத உற்பத்தியைக் குறைத்து மறுபடி பார்த்தேன். புள்ளி இல்லை, செல் முழுக்க மங்கலான பச்சை. என் கண்டுபிடிப்பு வெறும் குப்பைமேடு!

பெரிய ஆய்வாளர்களும் இப்படி ஏமாந்திருக்கிறார்கள் என்பது சற்று ஆறுதல். ஈ.கோலையில் செல்லின் வடிவத்தைக் காக்கும் எம்ஆர்இ-பி (MreB) புரதம் சுருள்சுருளாகத் தெரிந்ததற்கு ஒளிரும் வாலே காரணம் என்று 2012இல் தெரியவந்தது.

இரண்டு மைக்ரான் நீளச் செல்லில் கரைந்து திரியும் சாதாரணப் புரதம் ஒரு நொடிக்குள் மறுமுனையைத் தொட்டுவிடும். அதைச் சுமந்துபோக வண்டி தேவையில்லை. எங்கே சிக்கி நிற்கிறது என்பதே கேள்வி. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் டிவ்-ஐவிஏ (DivIVA) புரதம் செல்லின் சவ்வு குழிவாக வளைந்த இடத்தில் ஒட்டுகிறது. அதே பாக்டீரியாவில் 26 அமினோ அமிலங்களே கொண்ட ஸ்போ-விஎம் (SpoVM) என்ற குட்டிப் புரதம், செல்லுக்குள் உருவாகிவரும் வித்தின் (கடுஞ்சூழலைத் தாங்கும் உறக்கநிலைச் செல்லின்) குவிந்த பரப்பைத் தேடிப் பிடிக்கிறது. தன்னைவிடப் பல நூறு மடங்கு பெரிய வளைவை இந்தத் துக்கடா எப்படித்தான் உணர்கிறதோ என்று இன்றும் வியக்கிறேன்.

ஈ.கோலையின் மின்-டி (MinD) புரதத்தை இருட்டறையில் முதன்முதலாகப் பார்த்த நாள் மறக்காது. மின்-இ (MinE) என்ற இன்னொரு புரதம் அதைச் சவ்விலிருந்து உரித்து விரட்ட, அது ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கும் மறுபடி பழைய நுனிக்கும் அலைகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் போல ஆகிறது. கூடவே செல்லும் மின்-சி (MinC) புரதம், செல் பிரிவுக்கான வளையம் உருவாவதைத் தடுக்கிறது. சராசரியாகத் தடை மிகக் குறைவாக இருப்பது நடுவில் என்பதால் வளையம் அங்கே அமைகிறது. இந்த ஊசலாட்டம் 1999இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

அன்று காணொளியாகப் பதிவு செய்யாமல் ஒற்றைப் படத்தோடு எழுந்து வந்திருந்தால், அதற்கும் 'இருப்பிடம்: துருவம்' என்றுதான் எழுதியிருப்பேன்.