ஸ்பென்சர் குடும்பத்தின் வேரைத் தேடிப் போனபோது

இளவரசி டயானா பிறந்த ஸ்பென்சர் குடும்பத்தின் வம்சாவளியை இணையத்தில் தேடினால், இரண்டாம் எட்வர்டு மன்னருக்கு நெருக்கமாக இருந்து 1326இல் தூக்கிலிடப்பட்ட ஹியூ டெஸ்பென்சரின் குலத்தில் கொண்டுபோய் நிறுத்தும் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். நடுவில் உள்ள தலைமுறைகளுக்கு ஆதாரம் எங்கே என்று பார்த்தால், ஒரு பட்டியல் இன்னொன்றைக் கைகாட்டும். அந்த எரிச்சலில்தான் பழைய ஆவணங்களையே படிக்க உட்கார்ந்தேன்.

புகழ்பெற்ற மூதாதையிலிருந்து கீழே இறங்கி வந்தால் எந்தக் குடும்பத்தையும் எவரோடும் ஒட்டவைத்துவிடலாம். அதனால் சந்தேகமில்லாத ஒருவரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போனேன். எனக்குக் கிடைத்த அப்படிப்பட்ட ஆள் சர் ஜான் ஸ்பென்சர். 1506இல் வார்விக்‌ஷயரில் வோர்ம்லெய்ட்டனையும் 1508இல் நார்தாம்டன்ஷயரில் ஆல்தார்ப்பையும் விலைக்கு வாங்கியவர், 1522இல் இறந்தார். இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடுகள் 1538இல்தான் தொடங்கின. எனவே இவர் காலத்துக்கு ஞானஸ்நானம், திருமணம் என்று எந்தக் குறிப்பையும் எதிர்பார்க்க முடியாது. உயில், நிலப் பத்திரம், வழக்கு, இவைதான் கதி.

கையெழுத்து படுத்திய பாடு தனி. அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் ‘e’ பின்பக்கமாகத் திரும்பி நிற்கும். ‘h’ வரிக்குக் கீழே வாலை நீட்டும். ஆண்டுக் கணக்கு மட்டும் சோழர் கல்வெட்டு படித்தவர்களை மிரட்டாது. அங்கும் ஆட்சியாண்டுதான். எட்டாம் ஹென்றியின் 13ஆம் ஆண்டு என்றால் 1521 ஏப்ரல் 22 முதல் 1522 ஏப்ரல் 21 வரை.

சர் ஜானின் உயிலில் ஒரு ஏற்பாடு என்னை நிறுத்தியது. தன்னால் யாருக்காவது தீங்கு நேர்ந்திருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் அதை நிரூபித்தோ சத்தியம் செய்தோ கேட்பவருக்கு ஈடு கொடுக்க வேண்டுமாம். அடுத்தவர் நிலத்தோடு உரசாமல் அவ்வளவு மேய்ச்சல் நிலம் சேராது என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.

அதைவிடப் பயன்பட்டது அவர் அரசருக்கு எழுதிய ஒரு மனு. விளைநிலத்தை வேலியிட்டு மேய்ச்சலாக்கிக் குடிகளை வெளியேற்றியவர்களைப் பற்றி 1517இல் விசாரணை தொடங்கியிருந்தது. வோர்ம்லெய்ட்டனை வேலியிட்டது தமக்கு முன்பிருந்தவர் என்பது அவருடைய வாதம். தம் பிழைப்பே மேய்ச்சல் நிலத்தில் கால்நடை பெருக்குவதுதான் என்றும், மற்றவர்களைப் போலச் சந்தையில் வாங்கி விற்பவர் தாம் அல்ல என்றும் அதில் சொல்கிறார். நிலம் கைவிட்டுப் போகும் பயத்தில் எழுதிய காகிதத்தை நான் நம்புகிறேன். அதில் பெருமைக்கு இடமில்லை.

அவருக்கு முன்னால் போனால், அதே பெயருள்ள அவருடைய சிற்றப்பனோ பெரியப்பனோ 1469இல் வோர்ம்லெய்ட்டன் நில விவகாரத்திலும், 1486இல் ஆல்தார்ப்பில் குத்தகைதாரராகவும் தென்படுகிறார். உறவு முறை தெரிகிறது, மூப்பு தெரியவில்லை. அதற்கும் முன்னால் பாட்பி ஊரில் ஒரு ஹென்றி ஸ்பென்சர். அதற்கு அப்பால் நூல் அறுந்துவிடுகிறது.

அறுந்த நூலைக் காசுக்கு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. 1504இல் இந்தக் குடும்பம் வாங்கிய குலச்சின்னத்தில் கடற்பறவைத் தலைகள் இருந்தன. தாம் டெஸ்பென்சர் வழி என்று நினைத்திருந்தால் புதிதாக ஒன்று எதற்கு? 1595இல் குலச்சின்ன அதிகாரி ரிச்சர்ட் லீ ஒரு வம்சாவளியை அமைத்துத் தந்தார். அதன் பிறகு, மூன்று சிப்பிகள் மட்டும் கூடுதலாக, டெஸ்பென்சர் சின்னம் இவர்களுடையதாயிற்று. அந்த வம்சாவளி ஜோடனை என்று வரலாற்றாசிரியர் ஜே. ஹோரஸ் ரவுண்ட் 1901இல் அக்குவேறு ஆணிவேறாகக் காட்டிவிட்டார். இருந்தும் இணையம் லீயைத்தான் படியெடுக்கிறது.

லீயின் காலத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களே அதை நம்பியதாகத் தெரியவில்லை. 1621இல் பிரபுக்கள் அவையில் பழைய காலத்து விஷயங்களைப் பேசிய இந்தக் குடும்பத்து ராபர்ட் ஸ்பென்சரைப் பார்த்து, அந்தக் காலத்தில் உங்கள் முன்னோர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அருண்டெல் பிரபு சொன்னார். என் முன்னோர் ஆடு மேய்த்தபோது உங்கள் முன்னோர் ராஜத் துரோகத்துக்குச் சதி செய்துகொண்டிருந்தார்கள் என்று திருப்பிக் கொடுத்தார் ஸ்பென்சர். மன்னிப்புக் கேட்க மறுத்த அருண்டெல் லண்டன் கோட்டைச் சிறைக்குப் போனார். ஸ்பென்சர் சொன்ன பதிலில் ஆடு மேய்த்ததற்கு மறுப்பே இல்லை. என் பட்டியலுக்கு அதையும் ஒரு சாட்சியாக எழுதி வைத்திருக்கிறேன்.