பல் எண்ணப் போகிறோம்

சுவீடனில் குழந்தைக்குப் பல் வலி வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. மூன்று வயது நெருங்கும்போது கடிதம் வீடு தேடி வந்துவிடும்: இன்ன தேதி, இத்தனை மணி, இந்தக் கிளினிக். அனுப்புவது ஃபோல்க்டான்வோர்டன் என்கிற அரசுப் பல் மருத்துவச் சேவை. 1938-இல் தொடங்கியது. 19 வயது நிறைகிற ஆண்டு வரை பைசா செலவில்லை. 2024 வரை இது 23 வயதாக இருந்தது, குறைத்துவிட்டார்களே என்று இங்குள்ளவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஒரு பல் அடைக்கப் பெரியவர்களுக்கு என்ன பில் வரும் என்று பார்த்தபிறகு அந்த அலுப்பு எனக்கும் புரிந்தது.

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து சுவீடனில் உள்ள லுண்டு நகரத்துக்கு வந்தவர்கள். "பால் பல்தானே, விழுந்து முளைச்சுக்கும்" என்பதைக் கேட்டே வளர்ந்தோம். ஆனால் கடைசிப் பால் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகிவிடும். மூன்று வயதில் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தால், பிள்ளை அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருடமும் மெல்ல வேண்டும்.

எங்களுக்கும் கடிதம் வந்தது. பல் கிளினிக்குக்குப் போவதை மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. நம் வீடுகளில் டாக்டரைப் பூச்சாண்டியாக்கி வைத்திருக்கிறோம். சாப்பிடாவிட்டால் ஊசி, தூங்காவிட்டால் ஊசி. இவளுக்கு அந்த மிரட்டலே தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். வீடியோ காலில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும், பேத்தியைக் கூப்பிட்டு அவ்வளவு பாசமாகச் சொன்னார்: "கண்ணு, ஊசியெல்லாம் போட மாட்டாங்க. பல்லைப் புடுங்க மாட்டாங்க. பயப்படாதே." அதுவரை அவள் மனதில் ஊசியும் இல்லை, பிடுங்கலும் இல்லை. அன்று ராத்திரி படுக்கையில், "எதுக்கும்மா புடுங்க மாட்டாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வலிக்காது" என்ற ஆறுதலும் இப்படித்தான். அதில் பிள்ளையின் காதில் விழுவது வலி மட்டுமே. அதனால் "பல் எண்ணப் போகிறோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். வீட்டில் சோபாவில் சாய்ந்து படுத்து, வாயைத் திறந்து, டீஸ்பூனின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லையும் தொட்டு எண்ணும் விளையாட்டு. அப்பாவுக்கு எண்ணினாள், எனக்கு எண்ணினாள். கரடி பொம்மைக்குப் பல்லே இல்லை, அதற்கும் பன்னிரண்டு வரை எண்ணினாள். மழலையர் பள்ளியில் பழகிய சுவீடிஷ் எண்கள் அவளுக்குச் சரளம் என்பதால் அதிலும் எண்ணிப் பழக்கினோம். கிளினிக்கில் கேட்கப் போவது அந்த மொழிதானே.

போன இடத்தில் யாருக்கும் அவசரமில்லை. செருப்புக்கு மேல் நீல நிற பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். பார்த்தது டாக்டர்கூட இல்லை, பல் சுகாதாரப் பணியாளர். முதலில் நாற்காலியை மேலே ஏற்றி இறக்கிக் காட்டினார். குட்டிக் கண்ணாடியை மகளின் கையிலேயே கொடுத்தார். எதைச் செய்வதானாலும் முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அதற்கப்புறம்தான் செய்வது. குழந்தைப் பல் மருத்துவத்தில் இது பழைய, தேறிய முறை. தனியாகச் சாய மாட்டேன் என்று அவள் ஒட்டிக்கொண்டபோது, அவரும் நானும் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தோம். மகள் என்னைப் பார்த்தபடி என் மடியில் உட்கார்ந்து, அப்படியே தலையை அவர் மடியில் சாய்த்தாள். முன்பற்களை எண்ணியதும் வாய் டப்பென்று மூடிக்கொண்டது. "இன்றைக்கு இது போதும்" என்று ஸ்டிக்கர் கொடுத்து, அடுத்த தேதியும் கொடுத்தார்.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம், கையைக் காலைப் பிடித்து முடித்துவிடலாமே என்று என் ஊர்ப் புத்தி சொன்னது. ஆனால் மறுமுறை அவள் தானாகவே நாற்காலியில் ஏறியதைப் பார்த்த பிறகு அந்த நிதானத்தின் அருமை தெரிந்தது.

உண்மையான பரிசோதனை பெற்றோருக்குத்தான். ராத்திரி பால் புட்டி உண்டா, சர்க்கரை போடுவீர்களா, ஒரு நாளில் எத்தனை தடவை எதையாவது வாயில் போடுகிறாள்? காலையைவிட ராத்திரி துலக்குவது முக்கியம், பத்து வயதுவரை நீங்களே உதவுங்கள், ஃபுளோரைடு பேஸ்ட் அவள் சுண்டுவிரல் நகத்தளவு போதும். துலக்கியபின் துப்பினால் போதுமாம். செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கிற நமக்கு அதுதான் கஷ்டம்.

அந்த "எத்தனை தடவை" என்ற கேள்விக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பழைய கதை உண்டு. லுண்டில் விப்பேஹோல்ம் என்ற மருத்துவமனை இருந்தது. 1940-களின் பிற்பகுதியில், அங்கிருந்த மனவளர்ச்சி குன்றியவர்களிடம் சம்மதம் எதுவும் வாங்காமல் ஓர் ஆய்வு நடந்தது. பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி தனியாகத் தயாரித்த டாஃபியை ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 24 வீதம் கொடுத்தார்கள். சர்க்கரை, மிட்டாய் கம்பெனிகளின் பணமும் அதில் இருந்தது. பலருடைய பற்கள் பாழாயின. தெரிந்துகொண்டது இது: சர்க்கரையின் அளவைவிட, சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே அது எத்தனை தடவை பல்லில் ஒட்டுகிறது என்பதே பெரிய கேடு. வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற சுவீடன் வழக்கம் அதிலிருந்து பிறந்த அறிவுரைதான். மிட்டாய்ப் பையோடு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இது ஞாபகம் வந்து சங்கடப்படுத்தும்.

அம்மா அனுப்பும் இனிப்புப் பார்சலை என்ன செய்வது என்பதற்கும் அதிலேயே விடை கிடைத்தது. பந்தி இலையில் இனிப்பைச் சாப்பாட்டோடுதானே வைக்கிறோம்? இப்போது மைசூர்பாகு மதியச் சாப்பாட்டுத் தட்டில் வருகிறது, நாலு மணிக்கு வருவதில்லை. அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன்: அனுப்புங்க, ஆனா சோத்தோட தர்றோம். "அப்ப ரெண்டு கிலோவா அனுப்பறேன்" என்றார்.