பெரிய எண்ணைப் பிரித்துப் பழகிய அனுபவம்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவுப் பகுதிக்கு உரியவை. அப்பகுதியில் எண்ணியல் கணக்குகளுக்குத் தயாரானபோது எனக்குப் பெரிதும் கைகொடுத்தது ஒரு பழக்கம்: எந்தப் பெரிய எண்ணைக் கண்டாலும் முதல் வேலையாக அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்துவிடுவது. மதுரை புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சேர்ந்து படித்த நாங்கள், மாதிரி வினாத்தாள் தீர்ந்துபோனால் அவரவர் பகுதியின் பின்கோடு எண்ணையே எடுத்துக் கணக்குப் போடுவோம்.

மீனாட்சியம்மன் கோயில் பகுதிக்குரிய 625001-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2, 3, 5 ஆகியவற்றால் அது வகுபடாது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். அடுத்து 7, 11, 13 மூன்றையும் தனித்தனியே வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. அம்மூன்றின் பெருக்கல் பலன் 1001 என்பதால், எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, 625-இலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைக்கும் 624-ஐச் சோதித்தாலே போதும். 625001 என்பது 625 × 1001-இலிருந்து 624 குறைந்தது, அவ்வளவுதான். காரணம் புரிந்த குறுக்குவழி தேர்வு அறையில் மறக்காது. மனப்பாடம் செய்தது மறந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

624 என்பது 13 × 48. எனவே 625001 = 13 × 48077. 48077-இன் வர்க்கமூலம் 220-க்கும் குறைவு; ஆகவே அதுவரையுள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதுமானது. 131-இல் அது மீதியின்றி வகுபட்டு 367-ஐத் தருகிறது. 131-க்குக் குறைந்த பகா எண் எதுவும் வகுக்கவில்லை என்று முன்பே கண்டுவிட்டதால், 367 பகா எண்ணா என்று மீண்டும் சோதிக்க வேண்டியதில்லை. இவ்வளவு நீளமான கணக்கு தேர்வில் அரிதாகவே வரும்; ஆயினும் எங்கே நிறுத்தலாம் என்பதை இத்தகைய எண்களே கற்றுத் தருகின்றன.

625001 = 13 × 131 × 367 என்று பிரித்தபின் மற்றவை எளிது. ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்குடனும் (இங்கே மூன்றுக்கும் அடுக்கு 1) 1 கூட்டிப் பெருக்கினால் 2 × 2 × 2, அதாவது மொத்தம் 8 காரணிகள். கே.கே. நகருக்குரிய 625020-ஐப் பிரித்தால் 2² × 3 × 5 × 11 × 947 கிடைக்கும். அதற்கோ 48 காரணிகள். அதை முழு வர்க்கமாக்க எந்த மிகச்சிறிய எண்ணால் பெருக்க வேண்டும் என்று கேட்டால், ஒற்றையாக நிற்கும் 3, 5, 11, 947 ஆகியவற்றைப் பெருக்கி 156255 என்று எழுதிவிடலாம்.

இவ்விரு எண்களின் மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) கேட்டால் நேராக வகுக்கத் தொடங்காமல் வித்தியாசத்தைப் பாருங்கள். வித்தியாசம் 19, மீ.பெ.கா. அதை வகுத்தாக வேண்டும். 19 பகா எண். 625001-இன் காரணிகளில் அது இல்லை. எனவே மீ.பெ.கா. 1; இரண்டும் சார்பகா எண்கள்; மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) அவற்றின் பெருக்கல் பலனேயாகும்.