பூநாரையைப் படமெடுக்கக் கிளம்புகிறோம்

தை பிறந்ததும் சென்னையிலிருந்து தம்பி வருகிறான். எங்கள் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற ரோடு பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. அந்த மாதத்தில் காலை வெயில் தென்கிழக்கிலிருந்து விழும். அதனால் ரோட்டுக்கு வடபக்கம் மேய்கிற பூநாரைகளை எடுத்தால்தான் இறகின் ரோஸ் நிறம் அப்படியே வரும். தலையைக் கவிழ்த்து, அலகைச் சேற்றுத் தண்ணீரில் அளைந்து அவை இரை வடிகட்டுவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

காரைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கண்ணாடியை இறக்கி, அரிசி நிரப்பின துணிப்பைமேல் லென்ஸை வைத்தால் போதும். கிட்டே போய்ப் பறவையைக் கிளப்பிவிட்டு எடுக்கிற படம் எனக்கு வேண்டாம். வயிற்றுக்காக வந்த ஜீவன் அது.

அப்புறம் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயம். அங்கே மரத்தில் கூழைக்கடாக் கூடுகள் இருக்கும். பறக்கிறதை எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடி.